ஒழுகினசேரி வந்தாலே வாந்தி: ஒரு லூபஸ் நோயாளியின் நிகழ்வு ஆய்வு

மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே அந்த மருந்துக்கான வாந்தி வருமா? வரும். இதை வீட்டில் இருப்பவர்கள் பயம், பிரமை, நடிப்பு என்று ஒதுக்கியதால் ஒரு பெண் சிகிச்சையையே பாதியில் விட இருந்தார், அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் நாகர்கோவிலில் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். அவருடைய ஒப்புதலோடு எழுதுவது இது. அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில தனிப்பட்ட விவரங்களை மாற்றியிருக்கிறேன், மருந்து, அறிகுறி, நடந்த வரிசை எதையும் மாற்றவில்லை.

அவருக்கு முப்பது வயது கடந்திருக்கும், தோவாளைப் பக்கம் வீடு, வீட்டிலிருந்தே பூ கட்டிக் கொடுக்கிற வேலை. தோவாளை பூச்சந்தையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, விடியுமுன்னே சந்தை கூடிவிடும், ஓணம் சீசன் வந்துவிட்டால் கேரளத்துக்குப் போகும் பூவுக்கு வீடு வீடாக ஆள் உட்கார்ந்து கட்டுவார்கள். அப்படி ஒரு சீசனில்தான் முதலில் விரல் மூட்டுகள் வலிக்க ஆரம்பித்தன. நார் பிடித்து இழுக்கிற வேலை, வலிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். அப்புறம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வெயிலில் போய்வந்தால் இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவந்து தடித்தது, கடைசியில் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போனபோதுதான் மருத்துவமனைக்கு வந்தார். ரத்தப் பரிசோதனை, சிறுநீரக பயாப்சி எல்லாம் முடிந்து லூபஸ் என்று உறுதியானது, சிறுநீரகத்தையும் அது பிடித்திருந்தது.

லூபஸ் என்றால், வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே அடிப்பது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. சிறுநீரகம் வரை போய்விட்டால் அந்த எதிர்ப்பை மருந்தால் அடக்கியே ஆக வேண்டும். அவருக்கு ஸ்டீராய்டோடு சேர்த்து மாதம் ஒரு தடவை சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை ட்ரிப்பில் ஏற்றுவது, மொத்தம் 6 தடவை என்று மருத்துவர் முடிவு செய்தார். இந்த மருந்தின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதை பின்னால் இதே மருந்தைச் சுற்றித்தான் போகப்போகிறது.

இந்த மருந்தின் கழிவு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும், அதனால் ஏற்றும் நாளில் தண்ணீர் நன்றாகக் குடிக்கச் சொல்வார்கள். வெறும் தண்ணீர் இவருக்கு இறங்கவில்லை. கூட வந்த மைனி ஒரு பாட்டிலில் ஆரஞ்சு சுவை குளுக்கோஸ் பவுடரைக் கலக்கிக் கொடுத்தார். அன்றைக்கு வரை அவர் அதைக் குடித்ததே இல்லை.

முதல் தடவை, ட்ரிப் முடிந்து வீட்டுக்குப் போனபிறகு ராத்திரி முழுக்க வாந்தி. இரண்டாவது தடவையும் அதே பாட்டில், அதே பவுடர், ராத்திரி அதே வாந்தி. மூன்றாவது தடவை பாட்டில் மூடியைத் திறந்ததுமே குமட்டல் வந்தது. நான்காவது தடவை நாகர்கோவில் வரும் வழியில் பஸ் வெள்ளமடம் தாண்டும்போதே வாயில் உமிழ்நீர் ஊறத் தொடங்கி, ஒழுகினசேரி பாலம் வந்ததும் வயிறு புரண்டு, வார்டு வாசலில் ஸ்பிரிட் வாசனை பட்ட நிமிடம் வாந்தி எடுத்துவிட்டார். கையில் ஊசி குத்தவே இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரக அளவு, உப்பு, சர்க்கரை எதிலும் அந்த நேரத்து வாந்தியை விளக்கும்படி ஒன்றும் இல்லை. அந்த மாதமே வீட்டில் பிள்ளை ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டு மடியில் வந்து உட்கார்ந்ததற்கும் ஓடிப்போய் வாந்தி எடுத்திருக்கிறார். ஐந்தாவது தடவைக்கு வரவில்லை. தேதி தள்ளிப்போனது, கால் மறுபடி வீங்கத் தொடங்கியது, அப்போதுதான் மருத்துவர் என்னிடம் அனுப்பினார்.

கணவரும் மாமியாரும் கூட வந்திருந்தார்கள். மாமியார் நல்ல மனுஷி, ஆனால் வெப்ராளத்தில் இருந்தார். "மருந்து ஏத்துனா வாந்தி வருவு, செரி. ஏத்துறதுக்கு முன்ன எதுக்கு வருவு? இது மனசு பண்ணுற வேலைதானே?" என்று கேட்டார். கணவர், "மனச அடக்குனா போதும்னு சொல்லி அனுப்புங்க சார்" என்றார். நோயாளி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்ட கேள்விதான் இந்த வழக்கில் இருப்பதிலேயே சரியான கேள்வி: "ஒடம்புக்குன்னு தனியா ஓர்மை உண்டுமா சார்?"

உண்டு. ஓர்மை என்றால் எங்கள் பக்கத்தில் ஞாபகம். அதை முதலில் ஒழுங்காகப் பார்த்துவிடுவோம்.

ஒரு சுவையைச் சாப்பிட்டபின் வாந்தி வந்தால் மூளை அந்தச் சுவையைக் குற்றவாளியாகக் குறித்து வைத்துக்கொள்ளும். 1955லேயே ஜான் கார்சியா என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளுக்கு இனிப்பான சாக்கரின் தண்ணீரைக் கொடுத்து, கதிர்வீச்சால் நோகவைத்து இதைக் காட்டினார், அதற்குப் பிறகு அந்த எலிகள் சாக்கரின் தண்ணீரைத் தொடவில்லை. இந்தக் கற்றலில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, சுவைக்கும் நோவுக்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி இருந்தாலும் மூளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். சைக்ளோபாஸ்பமைடு வாந்தி உடனே வருவதில்லை, பல மணி நேரம் கழித்துத்தான் வரும், ஆனாலும் மத்தியானம் குடித்த ஆரஞ்சுத் தண்ணீருக்கும் ராத்திரி வாந்திக்கும் முடிச்சு விழுந்துவிட்டது. இரண்டாவது, புதிய சுவைதான் வேகமாக மாட்டும். பழகிய சுவை, பழகிய வாசனை ஆயிரம் தடவை ஒன்றும் செய்யாமல் போயிருப்பதால் மூளை அதை எளிதில் சந்தேகப்படாது.

இவரிடம் இது அப்படியே தெரிந்தது. ட்ரிப் போட வரும் நாளிலும் காலையில் பிச்சிப்பூ கட்டிவிட்டுத்தான் வருவார், விரலில் அந்த மணம் இருக்கும், தலையிலும் ஒரு துண்டு வைத்திருப்பார். பிச்சி மணத்துக்கு அவருக்குக் குமட்டவே இல்லை. சின்ன வயதிலிருந்து மூக்கில் ஏறிய மணம் அது. முந்தின நாள்வரை அறிமுகமே இல்லாத ஆரஞ்சு பவுடர்தான் மாட்டிக்கொண்டது. நடிக்கிற ஆளாக இருந்தால் இவ்வளவு கச்சிதமாக, பாடப்புத்தக விதிப்படி, பிச்சியை விட்டுவிட்டு ஆரஞ்சை மட்டும் பிடித்திருக்க முடியாது. மாமியாரிடம் நான் இதைத்தான் சொன்னேன், அவர் அதற்குப் பிறகு அந்த "நடிப்பு" என்ற சொல்லை எடுக்கவில்லை.

சரி, குமட்டல் வயிறு சம்பந்தப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலம் இதில் எங்கே வருகிறது?

1970களில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர் என்ற உளவியலாளர் இதே சுவை வெறுப்பைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். எலிக்குச் சாக்கரின் தண்ணீர், கூடவே குமட்டலுக்காக ஒரு ஊசி. ஊசியில் இருந்தது சைக்ளோபாஸ்பமைடு, நம்முடைய வழக்கில் ட்ரிப்பில் ஏறிய அதே மருந்து. ஒரே தடவைதான் ஊசி. அதற்குப் பிறகு வெறும் சாக்கரின் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, வெறுப்பு எப்போது மறையும் என்று பார்ப்பதுதான் திட்டம். ஆனால் சில எலிகள் செத்துப்போக ஆரம்பித்தன. முதல் நாள் எவை அதிகம் சாக்கரின் குடித்தனவோ அவற்றில்தான் சாவும் அதிகம். மருந்தின் அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், மாறியது சுவையின் அளவு மட்டும்.

இந்த மருந்து குமட்ட மட்டும் வைப்பதில்லை, எதிர்ப்பு சக்தியையும் அடக்குகிறது. அப்படியானால் எலியின் மூளை சாக்கரினைக் குமட்டலோடு மட்டுமல்ல, எதிர்ப்பு சக்தி அடங்குவதோடும் முடிச்சுப் போட்டுவிட்டதா? ஏடர் எதிர்ப்பு மண்டல நிபுணரான நிக்கலஸ் கோஹனோடு சேர்ந்து சோதித்தார். சாக்கரினும் மருந்தும் சேர்த்துப் பெற்ற எலிகளுக்குப் பிறகு ஆட்டின் சிவப்பணுவைச் செலுத்தி, அதை எதிர்த்து எவ்வளவு ஆன்டிபாடி உருவாகிறது என்று அளந்தார்கள். மறுபடி சாக்கரின் குடித்த எலிகளிடம் ஆன்டிபாடி குறைவாக இருந்தது. 1975ல் இது வெளிவந்தது. எதிர்ப்பு மண்டலம் யாருக்கும் கட்டுப்படாமல் தானாக இயங்குகிறது என்று நம்பியிருந்த காலம், அதனால் பலர் ஏற்கவில்லை. உண்மையில் அதற்கு முன்னோடி இருந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மெடல்னிகோவ், ஷோரின் இருவரும் 1926லேயே கினிப் பன்றிகளின் தோலைச் சொறிவதையும் சூடுபடுத்துவதையும் கிருமி ஊசியோடு சேர்த்துப் பழக்கி, பிறகு சொறிந்தாலே எதிர்ப்பு அணுக்கள் எழுவதைப் பார்த்தார்கள். அதற்கும் முன்னால், பூவோடு வாழும் நம்மூருக்குப் பொருத்தமான ஒன்று: 1886ல் பால்டிமோரில் ஜான் மெக்கன்சி என்ற மருத்துவர், ரோஜா ஒவ்வாமை இருந்த ஒரு பெண்ணிடம் செயற்கை ரோஜாவைக் காட்டினார், அவருக்கு மூக்கு அடைத்து ஒழுகத் தொடங்கியது.

மூளை எப்படி எதிர்ப்பு அணுவைத் தொடும் என்று கேட்டால், வழி இருக்கிறது. மண்ணீரல் என்பது எதிர்ப்பு அணுக்கள் குவிந்திருக்கும் உறுப்பு. 1980களில் டேவிட் ஃபெல்டனும் அவரோடு வேலை செய்தவர்களும், நரம்பு நுனிகள் மண்ணீரலுக்குள்ளே போய் எதிர்ப்பு அணுக்களை உரசிக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள். அந்த நுனிகள் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன, எதிர்ப்பு அணுக்களின் மேல் அதைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. எலிகளில் மண்ணீரலுக்குப் போகும் அந்த நரம்பை வெட்டினால், பழக்கிய சுவை மண்ணீரல் அணுக்களை அடக்குவது நின்றுவிடுகிறது. இது ஒரு வழி. இன்னொன்று, மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி, அங்கிருந்து அட்ரினல் சுரப்பி, அங்கே வரும் கார்டிசால் என்ற ஹார்மோன். நாம் லூபஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை கார்டிசாலின் உறவுதான். மூன்றாவது, மூளையிலிருந்து வயிறுவரை இறங்கும் வேகஸ் நரம்பு. அதைத் தூண்டினால் அழற்சி குறைகிறது என்று கெவின் ட்ரேசியின் குழு 2000ல் எலிகளில் காட்டியது.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. காய்ச்சல் வந்தால் யாரிடமும் பேசப் பிடிக்காமல், சோறு இறங்காமல், சுருண்டு படுக்கத் தோன்றுகிறதே, அது எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள் மூளையிடம் சொல்லிச் செய்விப்பது. லூபஸ்காரர்கள் "ஒண்ணுமே செய்யாமலே களைப்பா இருக்கு" என்று சொல்வதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. தயவுசெய்து அவர்களைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

இந்த ஓர்மை மூளையில் எங்கே பதிகிறது? சுவையும் உள்ளுறுப்பு உணர்வும் சேரும் இன்சுலா என்ற பகுதி முக்கியமானது. 2021ல் இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தில் ஆஸ்யா ரோல்ஸின் குழு சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சியை உண்டாக்கி, அந்த நேரத்தில் இன்சுலாவில் எந்த நரம்பணுக்கள் விழித்திருந்தன என்று அடையாளம் போட்டு வைத்தது. அழற்சி ஆறிய பிறகு அந்த அணுக்களை மட்டும் தட்டி எழுப்பினார்கள். குடலில் மறுபடி அழற்சி வந்தது, அதே பகுதியில், அதே சாயலில். எனக்கு இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது, இத்தனை வருடம் நோயாளிகள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு முகவரி கிடைத்த மாதிரி இருந்தது.

இப்போது இந்த வழக்கின் கடினமான இடம். அவருடைய தம்பி வளைகுடாவில் வேலை செய்கிறார். நான் வீட்டாருக்கு ஏடரின் எலிகளைப் பற்றிச் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது, அவராகவும் தேடிப் படித்திருக்கிறார். அக்காவின் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, அவர் அதை எனக்குப் போட்டுக் காட்டினார்: "அக்கா, அந்த ஆரஞ்சுத் தண்ணியே மருந்து மாதிரி வேல செய்யும்னா, மருந்தப் பாதியாக் கொறச்சிட்டு மிச்சத்துக்கு அதயே குடிச்சா போதாதா? சார்கிட்ட கேளு." பாசத்தில் கேட்ட கேள்வி, புத்திசாலித்தனமான கேள்வியும்கூட, ஏனென்றால் இதை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

1982ல் ஏடரும் கோஹனும் லூபஸ் தானாகவே வரும் ஒரு இனச் சுண்டெலிகளை எடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாரா வாரம் சாக்கரினும் மருந்தும். இன்னொரு கூட்டத்துக்கு வாரா வாரம் சாக்கரின், ஆனால் மருந்து பாதி வாரங்களில் மட்டும். மூன்றாவது கூட்டத்துக்கும் அதே பாதி மருந்துதான், ஆனால் சாக்கரினோடு சேராமல் வேறு நாளில். பாதி மருந்தைச் சுவையோடு சேர்த்துப் பெற்ற எலிகளுக்குச் சிறுநீரில் புரதம் போவது தள்ளிப்போனது, அதே பாதி மருந்தைச் சேராமல் பெற்றவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன. பிறகு மனிதரில். லூபஸ் கடுமையாக இருந்த, மருந்தின் பக்கவிளைவும் கடுமையாக இருந்த ஒரு அமெரிக்கச் சிறுமிக்கு, உளவியலாளரான அவளுடைய அம்மா முயற்சி எடுத்து, கேரன் ஓல்னஸ் என்ற குழந்தை மருத்துவரும் ஏடரும் சேர்ந்து திட்டமிட்டார்கள். சைக்ளோபாஸ்பமைடு ஏற்றும்போது மீன் எண்ணெய் குடிக்க வேண்டும், ரோஜா வாசனைத் திரவியத்தை முகர வேண்டும். முதல் சில மாதம் மூன்றும் ஒன்றாக, அப்புறம் எண்ணெயும் ரோஜாவும் மாதா மாதம், மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வருடத்தில் 12க்குப் பதில் 6 தடவை மருந்து, அவள் நன்றாகவே இருந்தாள். 1992ல் இது வெளியானது.

தம்பிக்கு நான் கொடுத்த பதில் இதுதான், இங்கேயும் அழுத்தமாகச் சொல்கிறேன்: கூடாது. அந்தச் சிறுமி ஒரே ஒரு ஆள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. 6 தடவை மருந்தே அவளுக்குப் போதுமானதாக இருந்திருக்கலாம். 2002ல் வந்த யூரோ லூபஸ் ஆய்வு, குறைந்த மொத்த அளவு சைக்ளோபாஸ்பமைடே சிறுநீரக லூபஸ் உள்ள பலருக்கு அதிக அளவைப் போலவே பலன் தருகிறது என்று காட்டியது, அங்கே ரோஜாவும் இல்லை, மீன் எண்ணெயும் இல்லை. ஆக, சிறுமி நன்றாக இருந்ததற்கு வாசனைதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதோடு அவளுடைய மருத்துவர்கள் முன்கூட்டித் திட்டமிட்டு, கண்காணித்துக் குறைத்தார்கள். வீட்டில் நாமே குறைப்பது வேறு. மருந்து இல்லாமல் சுவையை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூளை அந்தப் பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும், அது எந்த மாதம் அழிந்தது என்று சிறுநீரகம் கெட்டபிறகுதான் தெரியவரும்.

இதில் இன்று சரியான பாதையில் போகிறவர்கள் என்று நான் நினைப்பது ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் மான்ஃப்ரெட் ஷெட்லோவ்ஸ்கியின் குழுவை. ஸ்ட்ராபெரி பாலைப் பச்சை நிறமாக்கி, லாவெண்டர் வாசனை சேர்த்து, உலகத்தில் யாரும் குடித்திருக்க முடியாத ஒரு பானத்தைச் செய்தார்கள். காரணம் முன்னே சொன்னதுதான், புதுச் சுவைதான் மாட்டும். அதைச் சைக்ளோஸ்போரின் என்ற எதிர்ப்பு அடக்கும் மருந்தோடு ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்தார்கள், பிறகு வெறும் பானத்தோடு வெற்று மாத்திரை. எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் சில பொருள்கள் மருந்து கொடுத்தது போலவே குறைந்தன. இது 2002. 2018ல் சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களிடம் போனார்கள், ஆனால் அவர்களுடைய மருந்தில் ஒரு மில்லிகிராம்கூடக் குறைக்கவில்லை. மருந்தும் இருக்கட்டும், பழக்கிய பானமும் கூடுதலாகச் சேரட்டும், அடக்கம் அதிகமாகிறதா என்று பார்த்தார்கள், டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் பெருகுவது மருந்து மட்டும் எடுத்தபோது இருந்ததைவிட இன்னும் குறைந்தது. நோயாளியின் உயிரைப் பணயம் வைக்காமல் கேள்வி கேட்பது இப்படித்தான்.

நம்மவருடைய எதிர்ப்பு மண்டலமும் ஆரஞ்சைக் கற்றுக்கொண்டிருந்ததா? இருக்கலாம் என்று நினைக்க ஒரு முன்னுதாரணம் உண்டு. 1990ல் சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த பெண்களிடம், டானா பாவ்ப்ஜெர்க் குழு வீட்டில் வைத்து ஒருமுறையும், மருந்து ஏற்றும் முன் மருத்துவமனையில் வைத்து ஒருமுறையும் ரத்தம் எடுத்தது. மருத்துவமனைக்குள் வந்த உடம்பில், மருந்து ஏறும் முன்பே, எதிர்ப்பு அணுக்களின் பெருக்கம் வீட்டில் இருந்ததைவிடக் குறைவு. நம்முடைய வழக்கில் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் முன் வெள்ளையணு எண்ணினார்கள், ஆனால் எண்ணிக்கை வேறு, அந்த அணுக்கள் எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கின்றன என்பது வேறு. வீட்டு ரத்தமும் இல்லை. சிகிச்சைக்குத் தேவையில்லாமல் நோயாளியின் கையில் இன்னொரு தடவை ஊசி குத்த நாங்கள் யாரும் விரும்பவில்லை. ஆகவே குமட்டல் கற்றது உறுதி, எதிர்ப்பு மண்டலம் கற்றது இந்த ஆளிடம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

இதைப் பொதுவான மன உளைச்சலோடு போட்டுக் குழப்பக் கூடாது. உளைச்சல் எதிர்ப்பு சக்தியைத் தாழ்த்துவது உண்மை, மறதி நோய் வந்தவர்களைப் பராமரித்த பெண்களுக்கு ஒரு சிறிய காயம் ஆற மற்றவர்களைவிடச் சராசரி 9 நாள் கூடுதலாக ஆனது என்று ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995ல் காட்டியிருக்கிறார். ஆனால் நம்மவருக்குப் பண உளைச்சல், வேலை உளைச்சல் எல்லாம் எல்லா நாளும் இருந்தது. வாந்தி வந்தது ஆரஞ்சுக்கும் ஒழுகினசேரிக்கும் ஸ்பிரிட்டுக்கும் மட்டும். அந்தத் துல்லியம்தான் கற்றலின் அடையாளம்.

அப்புறம் என்ன செய்தோம்.

முதலில் ஆரஞ்சு பவுடரை நிறுத்தினோம். மருத்துவர், ஸ்டீராய்டு எடுக்கிறவருக்குச் சர்க்கரை ஏற வாய்ப்பு இருப்பதால் அந்தக் குளுக்கோஸே தேவையில்லை என்றார், ஆறவைத்த வெந்நீர் போதும். வாந்தி மருந்தை அவர் மாற்றி வலுவாக்கினார், முந்தின ராத்திரிக்கும் அன்று காலைக்கும் பதற்றத்தைத் தணிக்கும் லோரசெபாம் குறைந்த அளவில் எழுதினார். வழக்கமாகப் போடும் ஒன்டான்செட்ரான், மருந்தினால் வரும் வாந்தியை நன்றாகத் தடுக்கும், கற்றுக்கொண்ட வாந்தியிடம் அதன் பலம் குறைவு. முதல் ட்ரிப்பிலேயே வாந்தி வராமல் தடுத்துவிட்டால் கற்றுக்கொள்ள மூளைக்கு ஒன்றுமே கிடைக்காது, அதுதான் இருப்பதிலேயே நல்ல வைத்தியம். இவருக்கு அந்த வாய்ப்பு கடந்துபோயிருந்தது.

என் பக்கத்து வேலை, படிப்படியாகப் பழக்கி வெறுப்பைக் குறைப்பது. 1982ல் மாரோ, மாரெல் இருவரும் புற்றுநோயாளிகளிடம் செய்து பலன் கண்ட முறை இது. முதலில் மெதுவாக மூச்சு விடவும், கால் விரலிலிருந்து தொடங்கித் தசைகளை இறுக்கித் தளர்த்தவும் கற்றுக்கொண்டார். உடம்பு நன்றாகத் தளர்ந்திருக்கும்போது கண்ணை மூடி, வீட்டைப் பூட்டுவதை நினைக்கச் சொன்னேன். குமட்டல் இல்லையென்றால் அடுத்தது பஸ் ஸ்டாப், அப்புறம் பஸ், வெள்ளமடம். ஒழுகினசேரியில் வந்து நின்றுவிட்டார், அந்த இடத்தைத் தாண்ட நாள் பிடித்தது. கை தூக்கினால் உடனே பின்னால் வந்துவிடுவோம், மறுபடி தளர்வு, மறுபடி வெள்ளமடம். பாலத்தைத் தாண்டிய பிறகு வடசேரியும் மருத்துவமனை வாசலும் எளிதாகவே வந்தன. கடைசியாக ஸ்பிரிட் தொட்ட பஞ்சைத் தூரத்தில் வைத்து, பைய பைய அருகில் கொண்டு வந்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விருப்பத்துக்கு நான் சம்மதிக்கவில்லை. பிச்சி மணம் தனக்கு ஆறுதல், ட்ரிப் ஏறும்போது ஒரு முழம் கையில் வைத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொன்னேன். பழகிய மணம் எளிதில் மாட்டாதுதான், அதற்காக மாட்டவே மாட்டாது என்று இல்லை, வாந்தி வரும் மணிநேரங்களில் திரும்பத் திரும்ப மூக்கில் அதை வைத்திருந்தால் அவருடைய பிழைப்பின் மணமே அவருக்கு ஆகாமல் போகலாம். தலையில் இருந்ததையும் அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அதற்குப் பதில் ஒரு பலிகடாவைக் கொடுத்தோம். ஐலின் பெர்ன்ஸ்டீன் என்ற ஆய்வாளர், மருந்து ஏற்றும் குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வினோதச் சுவையில் ஒரு மிட்டாய் கொடுத்தால், வெறுப்பு அந்த மிட்டாயோடு போய்விடுகிறது, சாப்பாடு தப்பிக்கிறது என்று 1987ல் கண்டார். இவர் ட்ரிப் அன்று காலையில் கஞ்சியும் பயறும் சாப்பிடுவார், அதைக் காப்பாற்ற வேண்டும். வாழ்நாளில் இனி தொடாவிட்டாலும் நஷ்டமில்லாத சுவையாகப் பார்த்து, பச்சை ஆப்பிள் மிட்டாயை அவரே தேர்ந்தெடுத்தார்.

ஐந்தாவது தடவை பாலத்தில் குமட்டல் வந்தது, மூச்சை இழுத்து விட்டபடி சமாளித்தார், ஊசி குத்துமுன் வாந்தி இல்லை. ராத்திரி ஒரே தடவை. ஆறாவது தடவை பஸ்ஸில் ஒன்றுமில்லை, வார்டுக்குள் கொஞ்சம் வயிறு புரண்டது, அவ்வளவுதான். அடுத்த வாரம் வந்தபோது அவராகவே சொன்னார்: "அந்தப் பச்ச மிட்டாயப் பாத்தாலே கொமட்டுது சார். கஞ்சி இறங்குது." நாங்கள் எதிர்பார்த்ததே அதுதான். எந்தப் பங்கு மூச்சுப் பயிற்சிக்கு, எந்தப் பங்கு லோரசெபாமுக்கு, எந்தப் பங்கு மாற்றிய வாந்தி மருந்துக்கு என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கியவை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை, அவருக்குத் தேவை சிறுநீரகம்.

ஆறும் முடிந்து இப்போது மாத்திரைக்கு மாறியிருக்கிறார். சிறுநீரில் புரதம் குறைந்துவிட்டது, கால் வீக்கம் இல்லை, வெயிலைத் தவிர்த்து வீட்டுக்குள் உட்கார்ந்து பூ கட்டுகிறார். ஆரஞ்சு வாசனை இன்னும் பிடிக்கவில்லை, அதற்கு வைத்தியம் வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். மருந்தைக் குறைக்கலாமா என்று தம்பி மறுபடி கேட்கவில்லை, ஊருக்கு வந்திருந்தபோது மாதாந்திரப் பரிசோதனைக்கு அவரே அக்காவை பைக்கில் கூட்டி வந்தார். அந்த வார்டு நர்ஸ்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், முதல் ட்ரிப்புக்கு வருகிறவர்களிடம் இன்றைக்கு என்ன குடித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், இதற்கு முன் அதைச் சாப்பிட்டது உண்டா என்று கேட்டு எழுதி வையுங்கள் என்று. அந்த மூன்று கேள்விகளும் இப்போது அவர்களுடைய முதல் நாள் தாளில் இருக்கின்றன, முதல் ராத்திரி வாந்தி வந்ததா என்ற நான்காவது கேள்வியை அவர்களாகவே சேர்த்துக்கொண்டார்கள்.